நேபாளத்தில் தசைன்: தங்கும் வீட்டில் டீக்கா வாங்கிக்கொள்ளலாமா?

தம்பியோடு அக்டோபரில் போக்கரா போகிறீர்கள். ஒரு குடும்பத்தின் வீட்டில் அறை எடுத்திருக்கிறீர்கள். தசைன் பண்டிகைக்கு இருந்து, பெரியவர்கள் ஆசீர்வாதமாக நெற்றியில் வைக்கும் டீக்கா என்ற அரிசிப் பொட்டை வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும் என்று அந்த வீட்டம்மா சொல்லியிருக்கிறார். நீங்கள் சைவம், அங்கே ஆடு வெட்டுவார்கள், பெரியவர்கள் கையில் பணமும் கொடுப்பார்களாம். இருக்கலாமா, பணத்தை வாங்கலாமா, என்ன எடுத்துப் போவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு குடும்பம் தனக்குள் செய்துகொள்ளும் சடங்கில் வெளியிலிருந்து வந்தவர் எங்கே உட்காருவது என்பதுதான் இதற்குள் இருக்கும் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். தாராளமாக இருங்கள். ஆனால் அந்த வீட்டில் உங்கள் இருவரையும் என்ன முறை வைத்துக் கூப்பிடுகிறார்கள் என்பதை முதல் நாளே கவனித்துக்கொள்ளுங்கள். மகளா, தங்கையா, வெறும் விருந்தாளியா என்பதை வைத்துத்தான் யார் யாருக்குப் பொட்டு வைப்பது, யார் யார் காலில் விழுவது, யார் யாருக்குப் பணம் கொடுப்பது எல்லாம் முடிவாகிறது. கீழே சொல்வது காட்மாண்டு, போக்கரா பக்கத்து மலைக் குடும்பங்களின் வழக்கம். தெற்கே இந்திய எல்லையை ஒட்டிய மாதேஸ் சமவெளியில் இதே நாள்களின் கொண்டாட்டம் வேறு மாதிரி இருக்கும்.

தசைன் நம்முடைய நவராத்திரி நாள்களில்தான் வருகிறது. ஐப்பசிக்கு முன்னும் பின்னுமாக வரும் வளர்பிறைப் பிரதமையில் கடஸ்தாபனை, அதாவது கலசம் வைக்கும் முதல் நாள். ஏழாம் நாள் ஃபூல்பாதி, எட்டு மகா அஷ்டமி, ஒன்பது மகா நவமி, பத்து விஜயதசமி. நமக்கு விஜயதசமியோடு கொலு இறங்கிவிடும். அங்கே டீக்கா தொடங்குவதே அன்றுதான். பௌர்ணமி வரைக்கும் உறவினர் வீடு உறவினர் வீடாகப் போய் வாங்கிக்கொண்டிருப்பார்கள். ஆகப் பதினைந்து நாள் பண்டிகை. நவமியன்று வண்டிக்கும் கருவிகளுக்கும் பூஜை செய்வதைப் பார்த்தால் ஆயுத பூஜை என்று உடனே புரிந்துவிடும். ஒரே வித்தியாசம், நாம் சந்தனமும் குங்குமமும் வைக்கும் சக்கரத்தில் பல வீடுகளில் பலியின் ரத்தத்தையும் தெளிப்பார்கள். தேதி விஷயத்தில் நம் ஊர்க் காலண்டரை நம்ப வேண்டாம். திதி கணக்கில் இரண்டு நாட்டுக்கும் ஒரு நாள் முன்பின் வருவதுண்டு. அங்கே பஞ்சாங்க நிர்ணயக் குழு அறிவிப்பதுதான் கணக்கு. டீக்காவுக்கு நல்ல நேரத்தையும் அவர்களே நிமிடம் வரை சொல்வார்கள். அந்த நிமிடத்தைத் தவறவிட்டால் குற்றமில்லை, நாள் முழுக்க வைத்துக்கொள்ளலாம்.

முதல் நாளே போய்ச் சேர்ந்தால் ஜமரா விதைப்பதைப் பார்க்கலாம். நம் மாரியம்மன் கோவில் முளைப்பாரியை அறிந்தவர்களுக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை. ஆற்று மணலோ மண்ணோ பரப்பி, நடுவில் கலசம் வைத்து, வாற்கோதுமை விதையைத் தூவி, மேலே மெல்லிய மண் போட்டுத் தண்ணீர் தெளிப்பார்கள். வெயில் படாத அறை. தினமும் இரண்டு வேளை பூஜையும் தண்ணீரும். வெளிச்சம் இல்லாததால் பச்சை ஏறாமல் வெளிர் மஞ்சளாக, பத்தாம் நாளுக்குள் அரை அடி உயரம் வந்திருக்கும். தண்ணீர் அதிகமானால் பூஞ்சை பிடித்து வேர் அழுகும், வெளிச்சம் புகுந்தால் பச்சையாகிக் குட்டையாக நின்றுவிடும். இரண்டையும் வீட்டுக்காரர்கள் நல்ல சகுனமாக நினைக்க மாட்டார்கள். அதனால் அந்த அறைக் கதவை நீங்களாகத் திறந்து படம் எடுக்கப் போகாதீர்கள். பல பிராமணக் குடும்பங்களில் பூஜை அறைக்குள்ளும் அடுக்களைக்குள்ளும் வீட்டார் தவிர வேறு யாரும் போவதில்லை. கூப்பிட்டால் மட்டும், செருப்பை வெளியே விட்டு, தோல் பெல்ட் இருந்தால் அதையும் கழற்றிவிட்டுப் போங்கள்.

எந்தச் சமூகத்து வீடு என்பதையும் கேட்டுவிடுங்கள். நேபாளத்தில் அதைக் கேட்பது தவறாகப் படாது, பெயரின் பின்பாதியே பெரும்பாலும் சொல்லிவிடும். பாஹுன் என்ற மலைப் பிராமணர், செத்ரி என்ற க்ஷத்திரியர் வீடுகளில் சிவப்பு டீக்கா. மகர், குருங், ராய் குடும்பங்கள் பலவற்றில் நிறம் சேர்க்காமல் அரிசியும் தயிரும் மட்டும் கலந்த வெள்ளை டீக்கா. இந்தச் சமூகங்களிலும் லிம்புகளிலும் தசைன் எங்கள் பண்டிகை இல்லை என்று விட்டுவிட்டவர்களும் இருக்கிறார்கள். அதனால் தெருவில் பார்க்கிற எல்லோருக்கும் தசைன் வாழ்த்துச் சொல்லிக்கொண்டு போக வேண்டாம். நேவார் வீடென்றால் பண்டிகையின் பெயரே மோகனி. அஷ்டமியன்று குடும்பம் முழுவதும் வரிசையாக உட்கார்ந்து வாழையிலையில் அவலும் இறைச்சியும் சாப்பிடும் கூட்டு விருந்து உண்டு. சிவப்போடு விளக்குக் கரியில் எடுத்த கறுப்புப் பொட்டும் வைப்பார்கள். ஊற்றிக்கொடுக்கும் அய்லா என்ற சாராயமும் அந்தச் சடங்கின் பகுதி. குடிக்காதவர் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

இனி டீக்கா. முனை முறியாத அரிசியைக் கழுவி வடித்து, தயிரும் அபீர் என்ற சிவப்புப் பொடியும் சேர்த்துப் பிசைவார்கள். ஒரு கிண்ணம் அரிசிக்கு இரண்டு மூன்று கரண்டி கெட்டித் தயிர் போதும். தயிர் கூடினால் புருவத்தில் வழியும், குறைந்தால் காய்ந்து பொலபொலவென்று உதிரும். சில வீடுகளில் பிடிப்புக்காக வாழைப்பழமோ சர்க்கரையோ சேர்ப்பார்கள். நாம் வைக்கும் பொட்டு அளவில் எதிர்பார்க்காதீர்கள். நெற்றி முழுக்க அடையாக அப்புவார்கள். பெரியவர் முன்னால் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து, நெற்றி முடியை ஒதுக்கிவிட்டு, தலையைச் சற்றே பின்னால் சாய்த்து அசையாமல் இருங்கள். எல்லோரும் செய்யும் தவறு, மரியாதையென்று தலையைக் குனிவது. குனிந்தால் அரிசி மடியில் கொட்டும். இரண்டு கையையும் சேர்த்து ஏந்தியபடி வைத்துக்கொண்டால் உதிர்வதும் அதில் விழும், பின்னால் வரும் பணமும் பழமும் அதிலேயே வாங்கிக்கொள்ளலாம். பொட்டு வைத்ததும் ஜமராவைத் தலையில் வைப்பார்கள். ஆண்கள் காதிலோ தொப்பியிலோ செருகிக்கொள்வார்கள், பெண்கள் கூந்தலில்.

வைக்கும்போது மந்திரம் சொல்வார்கள். பெண்ணுக்கு ‘ஜயந்தீ மங்களா காளீ’ என்று தொடங்குவது. தேவி மாகாத்மியம் கேட்டிருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும். உங்கள் தம்பிக்குச் சொல்வது வேறு. அசுவத்தாமனின் ஆயுள், தசரதனின் செல்வம், இராமனைப் போல் பகைவெல்லும் திறம், கர்ணனின் கொடை, பலராமனின் பலம், தருமனின் சத்தியம், விதுரனின் அறிவு உனக்கு வரட்டும் என்று போகும். நடுவில் துரியோதனனின் மானமும் வேண்டும் என்று ஒரு வரி வரும். பாரதத்தில் தோற்றவனிடமும் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு என்று பிள்ளையை வாழ்த்துகிற அந்த வரியைக் கவனித்துக் கேளுங்கள், எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

காலில் விழுவதில்தான் தமிழர்கள் தடுமாறுகிறார்கள். பெரியவர் காலில் சின்னவர் விழுவது நம் பழக்கம். பாஹுன், செத்ரி வீடுகளில் மகள் பெற்றோர் காலைத் தொடுவதில்லை. பெற்றோர்தான் மகள் காலில் நெற்றி படும்படி வணங்குவார்கள். தாய்மாமனும் அக்காள் தங்கை பிள்ளைகளின் காலைத் தொடுவார். வீட்டுப் பெண்களை, கட்டிக்கொடுத்தவர்களையும் சேர்த்து, செலிபேட்டி என்று சொல்லித் தெய்வத்துக்குச் சமமாக வைப்பது அந்த ஊர் முறை. உங்களை மகளாக வைத்திருக்கும் வீட்டில் அந்த அம்மா காலில் நீங்கள் குனியப் போனால் பதறிக் கையைப் பிடித்துத் தடுப்பார். அவர் உங்கள் காலைத் தொட வந்தால் நீங்கள் பதறிப் பின்வாங்க வேண்டாம். சங்கடமாகத்தான் இருக்கும். நின்று, கைகூப்பி ஏற்றுக்கொள்ளுங்கள். தம்பிக்கு இந்தச் சிக்கல் இல்லை, அவர் பெரியவர்கள் காலில் விழலாம். வீட்டுக்கு வீடு இது மாறும். அந்த வீட்டு மகளுக்குப் பின்னால் வரிசையில் நின்று அவள் செய்வதை அப்படியே செய்தால் பிசகாது. முறைப் பெயர்கள் எளிது: அம்மாவுக்கு ஆமா, அப்பாவுக்கு புவா, அக்காவுக்கு தீதி, தங்கைக்கு பஹினி, தம்பிக்கு பாய். அண்ணனைக் கூப்பிடும் சொல் மட்டும் நம் காதில் கிட்டத்தட்ட ‘தாய்’ என்று விழும், குழம்ப வேண்டாம்.

பணம் வாங்கலாமா என்றால், வாங்க வேண்டும். அது தட்சிணை, ஆசீர்வாதத்தின் பாதி. வேண்டாம் என்று தள்ளினால் வாழ்த்தையே தள்ளியதாகிறது. நம் மொய்யில் நூறோடு ஒரு ரூபாய் சேர்ப்பதுபோல அங்கேயும் முழுத் தொகையாகக் கொடுப்பதில்லை. 11, 51, 101 என்றோ, கையில் ஐந்து ரூபாய்த் தாள் இருந்தால் 105, 505 என்றோ வரும். புதுத் தாளாக இருப்பதில் எல்லோருக்கும் ஆசை. உங்களைவிடச் சின்னப் பிள்ளைகள் அந்த வீட்டில் இருந்தால், நீங்கள் அவர்களுக்கு டீக்கா வைக்கும்படி சொல்வார்கள். அப்போது கொடுக்க நேபாள ரூபாயில் பத்து, இருபது, ஐம்பது தாள்களை மடிப்பில்லாமல் ஒரு உறையில் போட்டு வைத்திருங்கள். இந்திய ரூபாய் ஒன்றுக்கு நேபாள ரூபாய் 1.60 என்று 1993 முதல் நிலையான மாற்று விகிதம், கணக்குப் போடுவது சுலபம். பண்டிகை நாள்களில் வங்கி மூடியிருக்கும், ஏடிஎம்மில் பணம் தீர்ந்துபோவதும் வழக்கம், எனவே ஃபூல்பாதிக்கு முன்பே மாற்றிக்கொள்ளுங்கள். ஒன்றை மறக்காதீர்கள். அறை வாடகையைத் தசைன் நாளில் எடுத்து நீட்டாதீர்கள். அதை முன்பே தீர்த்துவிடுங்கள், இல்லையென்றால் கிளம்புகிற நாளில் தனியாகக் கொடுங்கள். மகளாக உட்காரவைத்துப் பொட்டு வைத்த அன்றே கணக்குப் பார்ப்பது அவர்களுக்கு வலிக்கும்.

ஆடு விஷயம். அஷ்டமி இரவிலிருந்து நவமி பகல் வரை பலி நடக்கும். வீட்டு முற்றத்திலேயே வெட்டுவார்கள், அல்லது நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு கிடா வாங்கிப் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஆட்டின் மேல் தண்ணீர் தெளித்து, அது உடம்பைச் சிலிர்த்து உதறும் வரை காத்திருப்பார்கள். நம் கிராமத்துக் கோவில்களில் கிடா துலுக்குவதற்குக் காத்திருப்பது போலவேதான். பார்க்க முடியாது என்றால் நவமிக் காலையில் ஃபேவா ஏரிப் பக்கமோ சாராங்கோட் பக்கமோ போய்விட்டு மதியத்துக்கு மேல் வாருங்கள். அதை யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நின்று பார்த்து முகம் சுளிப்பதுதான் தப்பு. எல்லா வீட்டிலும் ரத்தபலி உண்டு என்றும் நினைக்க வேண்டாம். பலி கொடுக்காத குடும்பங்கள் குபிண்டோ என்ற சாம்பல் பூசணியையோ தேங்காயையோ வெட்டுகின்றன. நாம் ஆயுத பூஜையில் வாசலில் உடைக்கிற அதே பூசணிதான்.

சாப்பாட்டுக்கு ‘ம மாசு காந்தின’, நான் இறைச்சி சாப்பிடுவதில்லை, என்று ஒரு வாரம் முன்பே சொல்லுங்கள். முட்டையும் கிடையாது என்றால் அதைத் தனியாகச் சொல்லுங்கள், அங்கே சைவம் என்றதும் முட்டையை விலக்குவார்கள் என்பதற்கு உறுதியில்லை. சோறு, பருப்பு, கீரை, உருளைக்கிழங்கு, ஊறுகாய், தயிர் எப்போதும் இருக்கும். கவனிக்க வேண்டியது கரண்டியை. ஒரே கரண்டியால் குழம்பும் கறியும் பரிமாறுவது விருந்து நெரிசலில் நடக்கும். உங்கள் தட்டை முதலில் போட்டுத் தரச் சொன்னால் பிரச்சினை தீர்ந்தது. பலியின் இறைச்சியைப் பிரசாதமாக நீட்டினால் வலக்கையில் வாங்கி, நெற்றியில் தொட்டு, பக்கத்தில் இருக்கும் தம்பியோ வீட்டுப் பிள்ளையோ யாராவது சாப்பிடுபவரிடம் கொடுத்துவிடலாம். எச்சில் விஷயத்தில் அவர்கள் நம்மைவிடக் கண்டிப்பு. ஜூட்டோ என்பார்கள். கடித்ததைப் பங்கிடுவது, வாய் வைத்த பாட்டிலைத் தருவது, சாப்பிடும் கையால் பாத்திரத்தைத் தொடுவது மூன்றும் கூடாது.

தம்பி பட்டு வேட்டியோடு வெள்ளைச் சட்டை எடுத்துப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். நமக்கு அது மங்கல உடை. நேபாளத்தில் தலையிலிருந்து கால் வரை வெள்ளை உடுத்தியிருந்தால் அவர் தாய் தந்தையில் ஒருவரை இழந்து வருஷத் துக்கம் காக்கிறவர் என்று அர்த்தம். பர்க்கி என்று பெயர். கரை போட்ட வேட்டி இருக்கட்டும், சட்டை மட்டும் வேறு நிறத்தில் எடுங்கள். அபீர் சாயம் துணியில் ஏறினால் போகாது என்பது இன்னொரு காரணம். உங்களுக்குச் சிவப்போ மெரூனோ நன்றாக இருக்கும். துக்கத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெற்றோர் இறந்து வருஷம் திரும்பாதவருக்கு டீக்கா இல்லை. பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் பதின்மூன்று நாள் தீட்டு, அதற்குள் தசைன் வந்தால் அந்தக் குடும்பத்துக்கு அந்த வருஷம் பண்டிகை இல்லை. கடைசி நேரத்தில் அவர்கள் இல்லை என்று சொன்னால் உங்களைத் தவிர்க்கிறார்கள் என்று எண்ணாதீர்கள். உங்கள் வீட்டிலும் அப்படி ஏதாவது நடந்து வருஷம் முடியாமல் இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

மாதவிலக்கு நாள்களில் வீட்டுக்குத் தூரமாக இருப்பதைப் பல குடும்பங்கள் இன்னும் கடைப்பிடிக்கின்றன, சில அடியோடு விட்டுவிட்டன. அந்த நாள் தசமியில் வந்துவிட்டால் வீட்டம்மாவிடம் தனியாகச் சொல்லிவிடுவதுதான் நேர்மை. கடைப்பிடிக்கிற வீடாக இருந்தால் நாலைந்து நாள் கழித்துத் தலைக்குக் குளித்துவிட்டு வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள். பௌர்ணமி வரை எந்த நாளில் வாங்கினாலும் அதே டீக்காதான்.

கையில் கொண்டு போவதைக் கோசேலி என்பார்கள். வெறுங்கையோடு போகக் கூடாது. பழம், முட்டை சேராத இனிப்பு, முந்திரி திராட்சை எல்லாம் சரி. வீட்டுப் பெரியவருக்கு ஒரு சால்வை நம் பக்கத்திலிருந்து நல்ல கோசேலி. மாட்டுத்தோல் பொருள் வேண்டாம். தசமியன்று அந்தக் குடும்பத்தோடு நீங்களும் மாமா வீடு, பெரியப்பா வீடு என்று நாலைந்து இடம் போக வேண்டியிருக்கும், ஒவ்வொரு வீட்டிலும் தட்டு வரும். முதல் வீட்டிலேயே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் பிறகு மறுத்துக்கொண்டே போவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, மறு பரிமாறலுக்கு ‘புக்யோ’, போதும், என்று தட்டின் மேல் கையை மறையுங்கள். மூங்கிலில் கட்டிய உயரமான ஊஞ்சலைப் பார்த்தால் ஒருமுறை ஆடிவிடுங்கள். தசைனில் ஒரு தடவையாவது கால் மண்ணைவிட்டு எழ வேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. சீட்டாட்டம் பணம் வைத்துத்தான் நடக்கும். அதில் உட்கார வேண்டாம்.

பயணத்தில் ஒரு எச்சரிக்கை. ஃபூல்பாதிக்கு முந்தைய நாள்களில் காட்மாண்டுவே ஊருக்குக் கிளம்பும், பேருந்தில் இடம் கிடைக்காது. தசமியன்று வண்டியே அரிது. காட்மாண்டுவிலிருந்து போக்கரா சுமார் 200 கிலோமீட்டர்தான் என்றாலும் மலைச்சாலையில் ஒரு பகல் போய்விடும். மழைக்காலம் முழுதாக முடிந்திருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. 2024இல் கடஸ்தாபனைக்கு முந்தைய வாரம் பெய்த மழையில் காட்மாண்டுவுக்குள் வரும் நெடுஞ்சாலைகள் மண்சரிவில் அடைபட்டன. 2025இல் தசமி முடிந்த இரண்டே நாளில் கிழக்கே இலாம் மாவட்டத்தில் பெரிய நிலச்சரிவு. எனவே சஷ்டிக்குள் போக்கரா சேர்ந்துவிடுங்கள், திரும்பும் விமானத்துக்கும் போக்கராவிலிருந்து கிளம்பும் நாளுக்கும் நடுவில் இரண்டு நாள் இடைவெளி விடுங்கள். விசா வேண்டாம், பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ மூலப்பிரதியாகக் கையில் இருக்கட்டும்.

நெற்றியில் இருப்பதை உடனே கழுவாதீர்கள், மாலை வரை இருக்கட்டும். சில பொடிகள் தோலை அரிக்கும். உங்களுக்கு எளிதில் தடிக்கும் தோல் என்றால் முன்பே நெற்றியில் லேசாகத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளலாம், ஆனால் மிகக் கொஞ்சமாக, இல்லாவிட்டால் அரிசி ஒட்டாது. எடுக்கும்போது தேய்க்காமல் தண்ணீரில் ஊறவைத்து எடுங்கள். உதிர்ந்த அரிசியையும் வாடிய ஜமராவையும் குப்பையில் போடாமல் செடியின் அடியிலோ ஓடும் தண்ணீரிலோ விடுவார்கள். ஜமராவில் ஓரிரு முளையை வீட்டுக்குக் கொண்டுவர ஆசைப்பட்டால் அந்த அம்மாவிடம் கேளுங்கள், நிழலில் காயவைத்துத் தாளில் மடித்துக் கொடுப்பார்.